வலப்பக்கம் திரும்ப

வலப்பக்கம் திரும்ப வேண்டுமா,
இடப்பக்கம் ஒதுங்கு.
மெல்பர்ன் நடுநகரின் சட்டம் இது.
பச்சை விழுந்ததும் சந்திக்குள் புகுந்து
இடது ஓரமாய் முன்னே போய் நில்.
இண்டிகேட்டர் துடிக்கட்டும்.
பின்னால் வந்தவர்கள் எல்லாம்
நேரே போய்த் தீரட்டும்.
குறுக்குத் தெருவுக்குப் பச்சை வரும் கணத்தில்
அத்தனை பேருக்கும் முன்னால் வளைந்து போ.
அதுவரை என் தண்டவாளம் காலியாய் இருக்கும்.
இருக்க வேண்டும்.

நான் ஓட்டுவதற்கு விலகத் தெரியாது.
பஸ் நெளியும், சைக்கிள் நழுவும்,
டிராம் மட்டும்
எதிரே நிற்பதை முறைத்தபடி நிற்கும்.
எனக்கென்று இருப்பது
ஒரு மணி.

காலின்ஸ் தெரு, மாலை ஐந்தேகால்.
முதுகுக்குப் பின்னே நூற்றறுபது பேர்,
ஒருவர் தோளில் இன்னொருவர் மூச்சு,
பிள்ளை வண்டி ஒன்று, நனைந்த குடைகள்.
முன்னே ஒரு கார்.
அதில் ஓர் ஆள்.
பின்கொக்கியில் அவருடைய கோட்டு
இரண்டாவது பயணியாய்.

மார்ச் முதல் ஆறு மாதம்
பரீட்சித்துப் பார்க்கப் போவதாய் நகரசபை சொன்னது.
தெருவோரத் தரிப்பிடங்கள் இராது,
சரக்கு வண்டிகள்
காலை பத்துக்குள் வந்து போய்விட வேண்டும்.
கடைக்காரர்கள் கண்ணாடியில் எதிர்ப்புத் தாள் ஒட்டினார்கள்.
தயாபரன் ஒன்றும் ஒட்டவில்லை,
அலமாரிக் கதவைக் கொஞ்சம் பலமாய்ச் சாத்தினார்.

அவருக்கு ஒரு வெள்ளை வான்,
டான்டினாங்கில் அரைத்த தோசைமாவு முப்பத்தாறு வாளி,
நகரத்துக்குள் ஒன்பது சாப்பாட்டுக் கடை.
"மாவு அவையின்ர மணிக்கூட்டைப் பாத்தே பொங்கும்?"
"அப்ப சனம் மட்டும் பொறுத்து நிக்கவேணுமோ?"
அன்றிரவு குழம்பில் உப்பில்லை.
இருவருமே சொல்லவில்லை.

பெப்ரவரியில் ஒரு வியாழன், முப்பத்தெட்டு பாகை.
எலிசபெத் தெருச் சந்தியில்
தண்டவாளத்தின் மேல் ஒரு வெள்ளை வான்,
நடுவிலிருந்தே வலப்பக்கம் திரும்பப் பார்க்கிறது.
பின்கதவில் 'ஆர்டருக்கு அழைக்கவும்'.
கீழே நான் ஒட்டிக்கொடுத்த இலக்கங்கள்,
ஏழு மட்டும் கோணல்.

ஒருமுறை அடித்தேன்.
இரண்டாம் முறைக்கு
சன்னலுக்கு வெளியே ஒரு கை உயர்ந்தது:
பொறும், பொறும்.
சாப்பிடக் கூப்பிட்டால் உயருமே, அதே கை.
என் கதவுக்குப் பின்னே யாரோ கேட்டார்,
எந்த முட்டாள் அவன் என்று.
தெரியும் என்று எப்படிச் சொல்வது?

மூன்றாம் முறை
காலை எடுக்கவில்லை.

பக்கக் கண்ணாடியில் அவர் என்னைக் கண்ட நேரம்
எனக்குத் தெரியும்,
கழுத்து உள்ளே போயிற்று.
இடப்புறத்தில் இரண்டு கார்கள் இடம் விட
வான் மெல்ல மெல்ல ஓரம் போய்
ஒழுங்காய் நின்றது, இண்டிகேட்டர் போட்டு.
ஒரு முழ இடைவெளியில் கடந்தேன்.
ஒரு வாளியின் மூடி எழும்பியிருக்க வேண்டும்,
கதவிடுக்கில் வெள்ளையாய் வழிந்துகொண்டிருந்தது.

"நீரோ மணி அடிச்சது?"
"மூண்டு தரம்."
"மூண்டாவது கொஞ்சம் கூட."

மார்ச் வந்தது.
இப்போது நள்ளிரவில் அரைக்கிறார்,
விடியமுன் நகரத்தில் இறக்குகிறார்,
பதினொன்றுக்கு வந்து விழுந்து படுக்கிறார்.
நான் வேலை முடிந்து வர
கிரைண்டரைத் தேடிப் போய்விட்டிருப்பார்.
கட்டிலில் இப்போது நெரிசல் இல்லை.
தலையணையில் மாவு வாசம் மட்டும்
எனக்கு முன்னே வந்து கிடக்கும்.

டிராம் முன்னையைவிட
நாலு நிமிடம் கெதியாய்ப் போகிறது.
நூற்றறுபது பேரும் தங்கள் நாலு நிமிடத்தை
எங்கே கொண்டு போகிறார்களோ தெரியாது.
என்னுடையது
போர்ட் மெல்பர்ன் கடைசித் தரிப்பில்,
கடல் காற்று கதவைத் தள்ள,
கோணல் ஏழு உள்ள அந்த எண்ணை அழுத்துவது.
ஆர்டருக்கு அல்ல.
நித்திரையாய் இருப்பார்.
மணி போகிறது,
ஒன்று,
இரண்டு.